வால் நறுக்கிய கட்டுரை

பழம் காயவைக்கும் மெஷினைத் திறந்து வைத்ததும் பத்மா அக்கா செய்த முதல் காரியம், அதற்குள் தலையை விட்டு மோந்து பார்த்ததுதான். பிறகு என்னைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார்.

ஜாதிக்காய் வாசம். இருக்காதா பின்னே? ஆயர் ஈத்தாம் சந்தையில் ஜாதிக்காய் விற்கும் சீனப் பெண் ஆ லிங்கிடம் சில நாளுக்கு இரவலாகக் கேட்டு வாங்கி வந்த மெஷின் அது. என்ன காயப்போடப் போகிறாய் என்று அவள் மலாயில் கேட்டாள். "நாடகம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கழுவித் தரச் சொல்லிக் கொடுத்தாள்.

மேசை மேல் தோசைத்தட்டு அகலத்துக்கு ஒரு பழைய ஒலிநாடாச் சுருள். பழுப்பு நிறம். தொட்டால் விரலில் லேசாக ஒட்டும். அதை மெஷினின் தட்டில் வைத்து, இளஞ்சூட்டில் ஒரு பகல் முழுக்க விட்டால் பிசுபிசுப்பு போகும், பிறகு பாடும். அன்று காலை ஜெர்மனியிலிருந்து எனக்கு வந்து சேர்ந்த கட்டுரை அப்படித்தான் சொன்னது.

"ஆன் பண்ணும்மா வாசுகி" என்றார் தங்கராஜு அண்ணன். பத்மா அக்காவின் கணவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் போல நின்றுகொண்டிருந்தார்.

நான் சுவிட்சில் விரலை வைத்தேன். கைப்பேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தர்ஷினி. எங்களைப் போலவே பழைய ஆவணங்களோடு மாரடிக்கும் பெண். எடுத்த எடுப்பில், நலம் விசாரிக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, அந்தக் கட்டுரையில வால் கிடக்கோ?"

மிளகாய்க்கு மேலே ஓர் அறை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக எங்கள் அறையைப் பற்றி மறுபடியும் சொல்லவேண்டியிருக்கிறது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால், ஒரு சந்தில், மசாலா மொத்த வியாபாரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆவண அறை. கீழே மிளகாய் மூட்டையைத் தட்டினால் மேலே எனக்குத் தும்மல் வரும். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, "சும்மாதானே இருக்கீங்க" என்று சொல்லிச் சாவியை என் கையில் திணித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் சும்மா இருந்ததே இல்லை.

வெளிநாட்டுக் கையேடுகள் ஆவண அறையைப் பற்றிப் பேசும்போது குளிர்ச்சி, வறட்சி, தூசியின்மை என்றெல்லாம் அடுக்கும். நான் படித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். வெளியே கடல் காற்று, உள்ளே மஞ்சள்தூள். எங்கள் கோப்புகளைப் பிரித்தால் குழம்பு வாசம் வரும். வெயில் காலத்தில் சுவரே வியர்க்கும்.

தங்கராஜு அண்ணன் அந்தப் படிகளில் முதன்முதலாக ஏறி வந்தது ஒரு மழைக்காலப் பிற்பகல். தனியாகத்தான் வந்தார். குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட அந்தக் காலத்து நாடக டேப்பெல்லாம் இருக்குன்னாங்க. இருக்காம்மா?"

இருந்தது. சங்கத்து மண்டபத்தில் ஒரு காலத்தில் ஓர் அமெச்சூர் நாடகக் குழு இருந்தது. பாயான் பாரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிகளில் வேலை செய்த பையன்களும் பெண்களும் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறி வந்து ஒத்திகை பார்ப்பார்கள். குழு கலைந்தபோது பெட்டியோடு எல்லாம் மாடிக்கு வந்துவிட்டது.

"பத்மா அதுல ஹீரோயின். நான் திரை இழுக்குற ஆளு" என்றார். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது.

பத்மா அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அது நடந்து பல வருஷமாகிறது. கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் பிடிக்கும் பழக்கம் நம் வீடுகளுக்கு வருவதற்கு முன்னால். பேசுவதற்குச் சின்ன டார்ச்லைட் மாதிரி ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். கழுத்தில் அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால் 'ர்ர்ர்' என்று ஒரே சுருதியில் வார்த்தை வரும். அதை வெளியில் எடுக்க அவருக்குப் பிடிக்காது. கை தட்டுவார், இல்லாவிட்டால் கைப்பேசியில் தட்டிக் காட்டுவார்.

"அவ குரல் எனக்கு மறந்து போச்சும்மா" என்றார் தங்கராஜு அண்ணன்.

குடிக்கத் தண்ணீர் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன பேசுனான்னு எல்லாம் ஞாபகம் இருக்கு. என்னத்துக்குத் திட்டுனா, எந்த எடத்துல திட்டுனா, அதுகூட ஞாபகம் இருக்கு. சத்தம்தான் வரமாட்டேங்குது. கண்ண மூடிப் பாக்குறேன், அந்த மெஷின் சத்தம்தான் வருது. கல்யாண வீடியோல தேடுனேன், முழுக்க மேளமும் சினிமாப் பாட்டும்தான் ஓடுது. வேற எதுலயும் இல்ல. ஒரே வீட்ல இருக்குற பொம்பளைய எவன் டேப் பண்ணி வைப்பான், சொல்லும்மா?"

எழுந்து போகும்போது குடையை மறந்தார். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு சொன்னார்.

"நான் மறந்துட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதம்மா. மனசு ஒடஞ்சிடுவா."

ஒட்டிக்கொண்ட நாடகம்

தேடினேன். பெட்டியில் பெரும்பாலான சுருள்களைப் பூஞ்சை தின்றுவிட்டிருந்தது. தேறியது ஒன்றே ஒன்று. டப்பாவின் மேல் பத்மா அக்கா நடித்த நாடகத்தின் பெயர் பேனாவால் எழுதியிருந்தது. என் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! உடனே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

சுருள் ஓடும் பழைய மெஷின் ஒன்று சங்கத்தில் கிடந்தது. அதன் பெல்ட்டைத் தங்கராஜு அண்ணனே மாற்றினார். ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருந்தவருக்கு அது ஒரு வேலையே இல்லை. "சுடா, முடிஞ்சது, இனி ஓடும்லா" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

ஓட விட்டோம். கிறீச் என்று ஒரு சத்தம், பூனை வாலை மிதித்த மாதிரி. அவ்வளவுதான். நிறுத்திப் பார்த்தால் நாடா தொடும் இடமெல்லாம் பழுப்பாகப் பசை அப்பியிருக்கிறது. அந்தப் பசை வேறு எதுவுமில்லை, குரல் பதிந்திருக்கும் பூச்சுதான். ஓட ஓட அது உரிந்து வந்துவிடும். நாங்கள் குரலைக் கேட்கிறோம் என்று நினைத்து அதையே தின்றுகொண்டிருப்போம்.

இது நாடாவுக்கு வரும் ஒரு வியாதி என்று எனக்குத் தெரியும். ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிப் பசையாகிவிடும். நம் ஊரில் அதற்கு உறிஞ்சக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்? வியாதியின் பெயர் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. மருந்து ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் பூட்டிக் கிடந்தது. சந்தா கட்டும் பெரிய நூலகங்களுக்குத்தான் அந்தப் பூட்டு திறக்கும். மிளகாய்க் கடைக்கு மேலே இருக்கும் எங்களுக்குத் திறக்காது.

அதனால் வட்டத்தில் கேட்டேன்.

வால் வளர்ந்த கதை

வட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் ஊருக்கு என்னைப் போல அறைக்குள் மாட்டிக்கொண்ட ஆவணக்காரர்கள் சிலர் மின்னஞ்சலில் சேர்ந்திருக்கிறோம். தொழிலுக்கு வேண்டிய கட்டுரை யாருக்காவது தேவைப்பட்டால் கேட்பார்கள். கையில் வைத்திருப்பவர் எழுதியவரிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுவிட்டு அனுப்புவார். எழுதியவர்கள் பெரும்பாலும், 'அதைப் படிக்க ஆள் இருக்கிறதா?' என்று சந்தோஷப்பட்டு உடனே சரி சொல்லிவிடுவார்கள். தலைவர் கிடையாது, கூட்டம் கிடையாது, பொன்னாடை கிடையாது. அதனால்தான் இன்னும் உடையாமல் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நான் அதில் சேர்ந்தது ஒரு பழைய புகைப்பட ஆல்பம் நனைந்தபோது. நனைந்த காகிதத்தை உலர்த்துவது எப்படி என்று கேட்டேன். ஐஸ்லாந்திலிருந்து ஒரு பெரியவர் நல்ல கட்டுரை ஒன்று அனுப்பினார். 'ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்' என்று அதில் முதல் வரியிலேயே இருந்தது.

அலாமாக்! பினாங்கில் மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் காய்கிறதா நனைகிறதா? அவர் ஊரில் வெளிக்காற்று வறண்டது. நம் ஊரில் வெளிக்காற்றைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும்.

நல்லவேளை, கட்டுரை முடிந்த இடத்துக்குக் கீழே இன்னும் எழுத்துகள் இருந்தன. மணிலாவிலிருந்து ஒருவர்: 'இங்கே திறக்காதீர்கள். நாங்கள் திறந்தோம், பூஞ்சை வந்தது.' கானாவிலிருந்து ஒருவர்: 'வறண்ட காற்று வீசும் மாதங்களில் மட்டும் திறக்கலாம்.' அந்தப் பெரியவரே கடைசியில்: 'இந்த வரிகளைப் படித்த பிறகுதான் என் ஊர்க் காற்று வேறு என்று உறைத்தது.'

அதுதான் வால். கட்டுரை யார் கைக்குப் போனாலும், அதைச் செய்து பார்த்தவர் தன் ஊரில் என்ன ஆயிற்று என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கவேண்டும். வேறு மொழியில் எழுதினால், அடுத்து வருபவர் யாராவது அதன் கீழே ஆங்கிலத்தில் பெயர்த்துவிடுவார்கள். கட்டுரை ஊர் சுற்றச் சுற்ற வால் நீளும். சிலவற்றுக்குத் தலையைவிட வால் பெரிது. எங்களுக்குள் ஒரே சட்டம்தான்: வால் இல்லாமல் அனுப்பக்கூடாது, வாலைப் படிக்காமல் கை வைக்கக்கூடாது.

தர்ஷினியை நான் நேரில் பார்த்ததே இல்லை. கணினித் திரையில்தான். என்னைவிட இருபது வயது சின்னவள், அதட்டலில் என்னைவிடப் பெரியவள். எந்த ஊர்க் கட்டுரைக்கு எவ்வளவு வால் என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். ஒருமுறை, ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாய் என்று கேட்டேன்.

"எங்கட ஊரில போனது போனதுதான் அக்கா. மிஞ்சினதையாவது பிழையாச் செய்து துலைக்கக் கூடாது" என்றாள்.

யோனாஸ் காட்டிய மரியாதை

இப்போது சுவிட்சுக்கு வருவோம்.

"அக்கா, கேட்டனான். வால் கிடக்கோ?"

கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சுத்தமாக இருந்தது. மேற்கோள் பட்டியல், அதற்குக் கீழே வெள்ளைத் தாள். சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"இல்லையே தர்ஷினி. இது இதுவரைக்கும் யாரும் செய்து பார்க்காத கட்டுரையோ என்னமோ."

"ஐயோ! அதுக்குப் பெரிய வால் கிடந்தது அக்கா, நான் வாசிச்சனான். தொடாதேங்கோ. அந்த மெஷினை விட்டிட்டுத் தள்ளி நில்லுங்கோ!"

அவள் போட்ட சத்தம் தங்கராஜு அண்ணனுக்கே கேட்டது. நான் மின்கம்பியையே பிடுங்கிவிட்டேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அனுப்பியவன் யோனாஸ். வட்டத்துக்குப் புதிது. ஜெர்மனியில் ஒரு பெரிய நூலகத்தில் இருக்கிறான். அவனிடம் வாலுள்ள பிரதியும் இருந்தது, இதழில் வந்த சுத்தமான பிரதியும் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி பினாங்கிலிருந்து கேட்கிறார், அவருக்குப் போய்க் கண்டவர் கிறுக்கிய பிரதியையா அனுப்புவது என்று நல்லதையே தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறான். மரியாதை! ஒரு காகிதத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட கோட்டைக்கூட அழிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்யாத குறையாக வாழும் கூட்டம் நாங்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன், எங்கள் சொந்த எழுத்தை அழுக்கு என்று நினைத்து நறுக்கிவிட்டான்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எதிரே இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். பிறகு அவன் எழுதிய மன்னிப்பு மடலைப் படித்தபோது, கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. பாவம், சின்னப் பிள்ளை.

தர்ஷினி தன்னிடமிருந்த வாலுள்ள பிரதியை அனுப்பினாள். நான் உரக்கப் படித்தேன், அவர்கள் இருவரும் கேட்டார்கள். பத்துப் பதினைந்து ஊர்களின் வரிகள். சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு, ஆற விடுவது எப்படி. எல்லாம் நல்ல செய்தி. நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. மொசாம்பிக்கில் ஒரு கடலோர ஊரிலிருந்து அர்மாண்டோ என்பவர் எழுதியது. போர்த்துகீசிய வரிகளுக்குக் கீழே யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார்கள்.

'நாடாவில் இரண்டு வகை உண்டு. சூடு ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு நஞ்சு. அந்தப் பழைய வகையையும் நான் சூட்டில் வைத்தேன். சுருண்டு, கையில் நொறுங்கிவிட்டது. சுருளை முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் சூட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நான் இழந்தது சந்தையில் பெண்கள் சும்மா பேசிக்கொண்டிருந்த பகுதி. யாருக்கும் தேவைப்படாது என்று அப்போது நினைத்தேன்.'

படித்து முடித்ததும் பத்மா அக்கா எழுந்து போய் ஜன்னலின் மரக்கதவைத் திறந்தார்.

தேன் நிற வட்டம்

சுருளைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தேன். வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விடப்போனேன். பத்மா அக்கா என் கையைத் தட்டி, நடுவே காட்டினார்.

சுருளின் உள்வட்டம், ஒரு விரல் அகலத்துக்கு, தேன் நிறத்தில் வெளிச்சமாகத் தெரிந்தது.

இரண்டு வகையும் ஒரே சுருளில்! எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. தங்கராஜு அண்ணன்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ரெக்கார்டிங் பண்ணுனவரு மகா கஞ்சன்மா. புது டேப்பு பத்தாதுன்னு பழைய மிச்சத்தையெல்லாம் ஒட்டி ஒட்டிச் சேப்பாரு. ஒத்திகைக்கு இது போதும்டான்னுவாரு."

அப்படியானால் வெளிப்பக்கத்தைக் கையாலேயே மெல்லச் சுற்றிப் பிரித்து, ஒட்டு இருக்கும் இடம்வரை வரவேண்டும். ஒட்டுகிற நாடாவைப் பிரிப்பதில் ஆபத்து உண்டு. கொஞ்சம் இழுத்தாலும் பூச்சு உரியும். பிறகு கறுப்பை மட்டும் சூட்டில் வைக்கவேண்டும். ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்த தங்கராஜு அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"உள்ள இருக்குறது வெறும் மிச்சம்தானம்மா? நாடகம் மேலதான இருக்கு? பிரிக்கப் போயி அதுவும் போயிட்டா? போனா போவுது, அப்படியே வச்சிடு."

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு கணம் சரி என்றுதான் பட்டது. நாடகம் பிழைத்தால் போதாதா? அவர் கேட்டு வந்தது அதைத்தானே?

பத்மா அக்கா கை தட்டினார். படார் என்று ஒன்று. கைப்பேசியை எடுத்து வேகமாகத் தட்டி, கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

'அப்படி என்ன அவசரம்? வீட்ல கொழந்தையா அழுவுது?'

அண்ணன் போய் ஒரு வெற்றுச் சக்கரத்தைத் தேடி எடுத்து வந்தார்.

அன்று பிற்பகல் முழுக்கப் பிரித்தோம். பத்மா அக்கா சுருளைத் தாங்கிப் பிடிக்க, நான் விரல் நுனியில் வாங்கி வெற்றுச் சக்கரத்தில் சுற்றினேன். ஃபேக்டரியில் நுண்ணிய கம்பிகளை ஒட்டிய கை அவருடையது, கொஞ்சமும் நடுங்கவில்லை. ஒட்டிய இடங்களில் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி. கீழே மிளகாய் தட்டும்போதெல்லாம் மூவரும் கையை விலக்கிக்கொண்டு தும்மிவிட்டு வந்தோம்.

இணைப்பு வந்தபோது மாலையாகிவிட்டது. ஆவணத்தை வெட்டுவது எங்கள் தொழிலில் பாவம். கத்திரியைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கஞ்சப் புண்ணியவான் ஒட்டிய ஒட்டு காய்ந்துபோய், தொட்டதும் தானாகவே பிரிந்தது. தேன் நிறப் பகுதியைத் தனி டப்பாவில் வைத்தேன். புளித்த காடி வாசம் லேசாக வந்தது.

மறுநாள் காலை, கறுப்பு மட்டும் மெஷினுக்குள் போனது.

"இது இல்லம்மா"

சூடு காட்டி, ஓரிரவு ஆறவிட்டு, கேட்பதற்குக் குறித்தது ஞாயிற்றுக்கிழமை. கீழே கடை அடைப்பு, தும்மலுக்கு விடுமுறை. பத்மா அக்கா பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். கேலி செய்தேன். தலையில் குட்டினார்.

நாடா ஓடியது. கிறீச் இல்லை, பசை இல்லை. கொஞ்சம் இரைச்சல், ஹார்மோனியம், பிறகு கணீரென்று ஒரு பெண் குரல்.

"ஐயா! ஏழையின் கண்ணீருக்கு விலை பேச வந்தீர்களா? இந்த வாசலில் நீதி செத்துவிட்டதா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால் பத்மா அக்கா சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கைப்பேசியில், 'ஐயோ, என்ன கத்து கத்தியிருக்கேன்' என்று காட்டினார். பக்கம் பக்கமாக வசனம் ஓடியது. எல்லாம் அந்தக் காலத்து மேடைத் தமிழ், மேடைக் குரல்.

தங்கராஜு அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். படியில் உட்கார்ந்திருந்தார்.

"இது இல்லம்மா" என்றார். "இது நாடகத்துல பேசுனவ. யாரோ மாதிரி இருக்கு. வீட்ல என்கிட்ட பேசுனவ இவ இல்ல. நீ இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க. எனக்குச் சொல்லவே வெக்கமா இருக்கு."

இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது அண்ணே, வாங்க என்று கூட்டி வந்தேன். நம்பிக்கையோடு சொன்னேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

தேன் நிறத் துண்டை மெஷினில் மாட்டினேன். ஓரம் சுருண்டிருந்ததால் விரலால் வழிகாட்டிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. முதலில் வெறும் இரைச்சல். நாற்காலி இழுக்கும் சத்தம். யாரோ இருமினார்கள். யாரோ டீ வந்ததா என்று கேட்டார்கள். மெஷினை நிறுத்த மறந்து ஓடவிட்ட ஒத்திகை. குப்பை. திடீரென்று, வெகு அருகில், மேடைச் சாயம் எதுவும் இல்லாமல் ஒரு குரல்.

"நான் இன்னும் சாகவே இல்ல, அதுக்குள்ள திரைய மூடிட்டான் பாரு! ஏய் தங்கராஜு, ஒன்னத்தான்! அங்க என்ன பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற? கண்ணு என்ன மேல மாடியிலயா இருக்கு?"

சுற்றிலும் சிரிப்பு. அந்தக் குரலும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டது. அதோடு நாடா தீர்ந்து, வால் நுனி சக்கரத்தில் டப் டப் என்று அடித்தது.

தங்கராஜு அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவதான்" என்றார். "வாசுகி, இவதாம்மா. இதுதான் பத்மா."

பிறகு அவரால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, பட்டுச்சேலையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒன் குரலு மறந்து போச்சு பத்மா. ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மறந்தே போச்சு" என்று விம்மி விம்மி அழுதார்.

பத்மா அக்கா பைக்குள் கையை விட்டு அந்தக் கருவியை எடுத்தார். எங்கள் அறையில் அவர் அதை எடுத்தது அதுதான் முதல் தடவை. கழுத்தில் அழுத்திக்கொண்டார்.

"எனக்கும்தான்" என்றார்.

வாலில் ஒரு வரி

அன்றே டிஜிட்டல் பிரதி எடுத்து ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தேன். ஆ லிங்கிடம் மெஷினைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். நாடாச் சுருளில் மட்டும் ஜாதிக்காய் வாசம் இன்னும் போகவில்லை.

பிறகு கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போய், எல்லா வரிகளுக்கும் கீழே என் வரியைச் சேர்த்தேன். வாலில் உணர்ச்சியெல்லாம் எழுதக்கூடாது, நாடாவுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும்தான் எழுதவேண்டும். 'பினாங்கு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரே சுருளில் இரண்டு வகையும் இருந்தன. பிரித்தெடுத்து ஒன்றை மட்டும் சூடாக்கினோம். இரண்டும் பிழைத்தன.' யோனாஸின் வேண்டுகோள்படி அவன் வரியும் அதன் கீழே ஏறியது: 'வாலை நறுக்காதீர்கள். நான் நறுக்கினேன்.'

பத்மா அக்காவிடம் கேட்டுக்கொண்டு, அந்தச் சின்னத் துண்டை மட்டும் தனியாக அர்மாண்டோவுக்கு அனுப்பினேன். இது உங்கள் வரியால் கிடைத்தது என்று எழுதினேன். பல நாள் பதில் இல்லை. வந்தபோது சுருக்கமாக இருந்தது. பல தடவை கேட்டாராம். மொழி புரியவில்லை, ஆனால் யாரோ யாரையோ திட்டுகிறார் என்று புரிகிறது, என் சந்தைப் பெண்களும் இப்படித்தான் சிரிப்பார்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி: இந்தப் பெண் இப்போது இருக்கிறாரா?

பாயான் பாருவில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அதைப் படித்துக் காட்டினேன். தங்கராஜு அண்ணன் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். என்ன பதில் எழுதட்டும் அக்கா என்று கேட்டேன்.

பத்மா அக்கா கைப்பேசியை எடுக்கவில்லை. கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார். உள்ளே இருக்கும் ஆளுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நன்றாக அழுத்தியே சொன்னார்.

"திரைய இன்னும் மூடலன்னு எழுது."